உறுதியும் வீடும்

உறுதிப்பொருள் நான்கு என்று நூல்கள் கூறும். அறம், பொருள், இன்பம், வீடு என்பன அவை. யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் சென்று, "உறுதி யாது?" என்று வினவினால், அவர் பெட்டகத்தைத் திறந்து, பழுப்பேறிய கடதாசிக் கட்டொன்றை எடுத்துக் காட்டுவர். "வீடு யாது?" என்று வினவினால், அக்கட்டிற் சொல்லப்பட்ட வளவைச் சுட்டுவர். தமிழகத்தார் 'பத்திரம்' என வழங்குவதையே நாம் 'உறுதி' என வழங்குகின்றோம். நான்கு உறுதிப்பொருள்களுள் இறுதியானதை நொத்தாரிசு முன்னிலையிற் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும் பேறு நமக்கே வாய்த்தது போலும்!

இது வேடிக்கை. ஆயினும் இதனுள் ஓர் உண்மையும் உண்டு. 'விடு' என்னும் பகுதியினின்று பிறந்தது 'வீடு' என்னும் சொல். வேலையை விட்டு, வெயிலை விட்டு, ஊராரின் கண்ணை விட்டு ஒருவன் வந்து தங்கும் இடம் வீடு. பற்றெல்லாம் விட்ட நிலையும் வீடு. இரண்டினும் விடுதலையே பொருள். இக்காலத்தில் வீடு கட்டியோரைப் பாருங்கள். இருபது ஆண்டுத் தவணைக்குக் கட்டுண்டவர் எத்தனை பேர்! ஈட்டுக்குக் கட்டுண்டவர் எத்தனை பேர்! சொல்லின் பொருளும் வாழ்வின் நடப்பும் இவ்வாறு எதிர்த்திசையிற் செல்வதற்குக் காரணம் யாது? இதனைச் சிறிது ஆராய்தல் நம் கருத்து.

என் தொழில் பிராசீன பாடசாலையில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தல். கிராமத்தில் வாழும் பண்டிதனுக்கு வேறொரு தொழிலும் தானே வந்து சேரும். பழைய உறுதிகளை வாசித்துப் பொருள் சொல்லுதலே அது. "ஐயா, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார்கள். முப்பது ஆண்டாக இவ்வேலை செய்து வருகின்றேன். பிரசித்த நொத்தாரிசுமாரின் தமிழ் ஒரு தனித் தமிழ். முற்றுப்புள்ளி காணாத வாக்கியம். மூச்சுவிடத் தெரியாத நடை. ஆனால் அதனையும் ஓர் இலக்கியமாக எண்ணிப் படிக்கப் பழகினால் அரிய செய்திகள் வெளிப்படும்.

ஒரு சீதன உறுதியை எடுத்துக்கொள்வோம். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். மனிதருக்குப் போலவே நம் முன்னோர் காணிக்கும் பெயரிட்டனர். பரப்பளவு இருக்கும். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பின்னர் நான்கு எல்லைகளும், எல்லைக்கு அப்பால் வாழ்வோர் பெயரும் வரும். வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழி வாய்க்கால் உரித்து, பொதுக் கிணற்றிற் பங்கு என ஒவ்வொன்றாய் விரியும். தந்தையும் தாயும் தம் சீவிய காலம் வரை அங்கிருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தும் சொல்லப்படும். இவ்வளவுக்கும் நடுவே, பெறுமதி இத்தனை ரூபா என்று ஒரே ஒரு வரி இருக்கும். அவ்வரியை வாசித்துக் காட்டுமாறு முற்காலத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எல்லையையும், வழியையும், கிணற்றுப் பங்கையுமே கேட்டனர். இப்பொழுதோ வருவோரிற் பெரும்பாலோர் கேட்கும் முதல் வினா, "இது இப்ப பரப்பு என்ன விலை போகும்?" என்பதே.

உறுதியின் தமிழ் மாறவில்லை. அதனை நோக்கும் கண் மாறிவிட்டது.

ஒற்றியும் ஈடும்

நம்மவர் கடன்படாமல் வாழ்ந்தனர் என்று சொல்ல வரவில்லை. கடனும் காணியும் பழைய உறவினர். தேசவழமைச் சட்டத்தைப் படித்தோர் இதனை அறிவர். ஒல்லாந்தத் தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சீமோன்ஸ் பணித்தபடி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். 1707ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. பின்வந்த ஆங்கிலேயரும் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என ஆதனத்தை மூவகையாக வகுத்துக் கூறும் அத்தொகுப்பு, ஒற்றியைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றது.

ஒற்றி என்பது யாது? கடன் கொடுத்தவர் காணியைத் தம் வசம் எடுத்து, அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதல் அப்படியே நிற்கும். கடன்பட்டவர் முதலைக் கொடுத்த நாளிற் காணி மீளும். விளைந்து நிற்கும் பயிரை ஒற்றிக்காரர் இழவாதபடி பருவம் பார்த்து மீட்கவேண்டும் என்பதும் வழக்கு. ஈடு என்பது வேறு. அதிற் காணி உரியவர் வசமே இருக்கும். அவர் வட்டி கட்டுவார். 'ஈடு' என்னும் சொல்லுக்கு ஒப்பு என்பது பொருள். ஈடுகொடுத்தல், ஈடுசெய்தல், ஈடிணையற்ற என்னும் வழக்குகளை நோக்குக. கடனுக்கு ஒப்பாக நிற்பது ஈடு. கடனை விழுங்கி மேலும் விழுங்குவது ஈடு ஆகாது.

ஆங்கிலேயர் இதனை 'மோர்ட்கேஜ்' என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் அதற்குச் 'செத்த பிணை' என்பது பொருள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, கிளான்வில் என்பவர் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்டநூல் இதற்குக் காரணம் கூறுகின்றது. நிலத்தின் விளைவு கடனிற் கழியுமாயின் அப்பிணை உயிருள்ளது. கழியாதாயின் அது செத்தது. அவ்வளவையால் அளந்தால் நம் ஒற்றியும் செத்த பிணையே. முதல் தேடமுடியாத ஏழையின் காணி, தந்தை காலம், மகன் காலம், பேரன் காலம் என ஒற்றியிலேயே கிடந்த கதைகள் பல ஊர்களில் உண்டு. பழமையெல்லாம் பொன் என்று பாராட்டுவது என் வழக்கமன்று.

ஆயினும் ஒற்றிக்கு ஒரு குணம் இருந்தது. கடன் வளராது. நூறு இறைசாலுக்கு வைத்த காணியை நூறு இறைசால் கொடுத்தே மீட்கலாம். ஒல்லாந்தர் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டத்திலும், கட்டாது நின்ற வட்டி முதலை விஞ்சலாகாது என்னும் விதி உண்டு. இந்து தருமசாத்திர மரபிலும் அதனையொத்த விதி உண்டு. ஒன்றையொன்று அறியாத இரு நாட்டுப் பெரியோர் ஒரே முடிவுக்கு வந்தனர் என்றால், அதில் ஏதோ நியாயம் இருத்தல் வேண்டும். கடன் என்பது மீளுதற்குரியது என்பதே அந்நியாயம். 'மீட்சி' என்னும் சொல் இருக்கும்வரையில் அது கடன். அச்சொல் மறைந்த இடத்தில் அது விற்பனை.

விலை ஏறிற்று என்னும் மகிழ்ச்சி

இனி, விலையைப் பற்றிச் சிறிது நோக்குவோம். முன்னாளில் ஒருவன் காணி விற்றான் என்பது அவனுக்கு இழுக்காகப் பேசப்பட்டது. விற்றே தீரவேண்டுமாயினும், நினைத்தவருக்கு விற்க இயலாது. கூட்டுரித்தாளர், உரித்தாகும் உறவினர், தம் நிலத்தை அடுத்திருந்த அக்காணியை ஒற்றியாக வைத்திருந்த அயலவர் என்போருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என்று தேசவழமை விதித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுரித்தாளருக்கும் உரித்தாகக்கூடிய உறவினருக்கும் மாத்திரம் எனச் சுருக்கிற்று. அயலவர் அதிலிருந்து நீங்கினர். அவ்வழமையிற் குறை இல்லாமலில்லை. அஃது ஊராரை ஊரிலேயே கட்டிவைத்தது. வந்தேறியவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் நிலம் கிட்டாமற் செய்யவும் பயன்பட்டது. ஆயினும் யார் அதிகம் கொடுப்பார் என்பதொன்றே நிலத்தின் விதியைத் தீர்மானிக்கலாகாது என்னும் எண்ணம் அதனுள் இருந்தது.

அவ்வெண்ணம் இன்று எங்கே? போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர், நகரை அண்டிய நிலத்தின் விலை ஏறிய கதையை யாவரும் அறிவர். பிறநாடுகளிலிருந்து வந்த பணம் ஒருபுறம். திருமணத்துக்கு வீடு வேண்டும் என்னும் கட்டாயம் ஒருபுறம். வங்கிகளின் வருகை ஒருபுறம். தேநீர்க் கடையிலும், கோயில் வீதியிலும், செத்தவீட்டிலும் கூடப் பரப்பின் விலையே பேச்சு. "எங்கடை பக்கம் இப்ப நல்லா ஏறிப்போச்சுது" என்று சொல்வோர் முகத்தில் ஒரு மலர்ச்சி. மக்கள் பரீட்சையிற் சித்தியடைந்தாற் போன்ற மலர்ச்சி அது.

இம்மகிழ்ச்சியின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு வீடு உடையவர், அவ்வீட்டில் வாழ்பவர். விலை இருமடங்காயிற்று. அவருக்குக் கூரை இரண்டாயிற்றா? கிணற்றில் நீர் இருமடங்காயிற்றா? விற்றாற் பணம் வரும் என்பர். விற்றபின் எங்கே குடியிருப்பது? வாங்கப்போகும் வீடும் அதே விலை ஏறித்தானே நிற்கும்? ஓர் ஏணியின் படிகளெல்லாம் ஒருங்கே உயர்ந்தால், அதன்மேல் நிற்பவர் ஒரு படியும் ஏறியவராகார். கீழே நிலத்தில் நிற்பவருக்கு மாத்திரம் முதற்படி எட்டாத உயரமாகிவிடும்.

கீழே நிற்பவர் யார்? அயலாரல்லர், அவர் மகனும் மகளுமே. தன் வளவின் விலை ஏறியதென்று காலையில் மகிழ்ந்த தந்தை, மகளுக்குச் சீதன வீடு தேடும்போது மாலையில் அழுகின்றார். ஏறிய விலை இரண்டிடத்தும் ஒன்றே. இரண்டு வளவு உடையவனுக்கே விலையேற்றம் இலாபம். ஒன்று உடையவனுக்கு அது வெறும் பேச்சு. ஒன்றும் இல்லாதவனுக்கு அஃது அபராதம்.

அரசு இதனை அறியாமலில்லை. நடுத்தர மக்களும் நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெறுமாறு 1931இல் இலங்கை அரச ஈட்டு வங்கி தோன்றிற்று. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. மிகையான வீடுகளிற் குடியிருந்த வாடகையாளர் பலர் அதனால் உரிமையாளராயினர். வாடகைக்கு வீடு கட்டுவோர் தொகை அதனாற் குறைந்தது என்று குறைகூறுவாரும் உளர். கொள்கைகள் வந்தன, போயின. 'வீடு வாழ்வதற்கு' என்னும் எண்ணமும், 'வீடு விலைக்கு' என்னும் எண்ணமும் மாறிமாறி ஆட்சி செய்தன என்பதே வரலாறு.

தவணைக் கணக்கு

வங்கிக் கடனை நான் பழிக்க வரவில்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர் முதலாய மாதச் சம்பளக்காரர் அதன் துணையாலேயே கூரை கண்டனர். அதன் கணக்கை விளங்கிக்கொண்டு கையொப்பமிடுதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இலக்கணம் படித்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண் என்று சொன்னவர்கள் தமிழர்களே.

50 இலட்சம் ரூபாவை, நூற்றுக்கு 12 வீத ஆண்டு வட்டிக்கு, 20 ஆண்டுத் தவணையில் ஒருவர் பெறுகின்றார் என்க. மாதம் ஏறக்குறைய 55,054 ரூபா கட்டவேண்டும். முதல் மாதம் கட்டிய பணத்தில் 50,000 ரூபா வட்டிக்குப் போகும். எஞ்சிய 5,054 ரூபாவே முதலிற் கழியும். பத்து ஆண்டு ஒரு மாதமும் தவறாமற் கட்டுகின்றார். கட்டிய தொகை 66 இலட்சத்தைக் கடந்துவிடும். எஞ்சியிருக்கும் கடன் எவ்வளவு? பாதி என்று நினைப்போம். அன்று; 38 இலட்சத்துக்கு மேல். இருபது ஆண்டும் முடியும்போது அவர் கொடுத்தது ஏறக்குறைய 1 கோடி 32 இலட்சமாகும்.

இதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. கணக்கு அப்படித்தான். ஆனால் வட்டி நிலையானதா, மிதப்பதா என்பதை நம்மவர் வினவுவதில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், நாட்டின் பொருளாதார நெருக்கடியிடையே, மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் நூற்றுக்கு 7 என்னும் அளவால் உயர்த்திற்று. மேற்சொன்ன கடனுக்கு வட்டி 12இலிருந்து 20 ஆகுமாயின், 20 ஆண்டுத் தவணைப் பணம் 55,054இலிருந்து ஏறக்குறைய 84,940 ரூபாவாகும். பழைய தவணையையே கட்டுவேன் என்று ஒருவர் பிடிவாதமாயிருந்தால், அது வட்டிக்கே போதாது. அம்மாத வட்டி மாத்திரம் 83,333 ரூபா. கட்டக் கட்டக் கடன் வளரும். வட்டி வீதங்கள் பின்னர் இறங்கின. ஆனால் இடைப்பட்ட காலத்திற் குடும்பங்கள் பட்ட பாட்டை எந்தப் புள்ளிவிவரமும் முழுமையாய்ச் சொல்லாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வங்கியொன்று நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வழிசெய்கின்றது. அவ்வதிகாரம் 2024இற் சிறிது காலம் இடைநிறுத்தப்பட்டதென்றால், நிலைமை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அறுதி என்னும் கத்தி

வங்கியின் கதை இவ்வாறாக, வங்கிக்குச் செல்ல வழியற்றவர் கதை இன்னும் கொடியது. இதனைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

என்னிடம் பாலபண்டிதர் வகுப்பிற் படித்த இளைஞர் ஒருவர் உறுதியொன்றைக் கொண்டுவந்தார். அவர் தாயார் கைம்பெண். இரண்டு பரப்பு வளவும் சிறிய கல்வீடும் தாயாரின் சீதனம். மகளின் திருமணத்துக்காக ஒருவரிடம் 10 இலட்சம் ரூபா வாங்கினார். வட்டி மாதம் நூற்றுக்கு 3. 34 மாதமாக, மாதந்தோறும் 30,000 ரூபா கொடுத்து வந்தார். வட்டியாக மாத்திரம் 10,20,000 ரூபா போயிற்று. முதல் அப்படியே நின்றது. இப்பொழுது மகன் முதலைத் தேடிக்கொண்டு போனபோது, கடன் கொடுத்தவர் வாங்க மறுத்துவிட்டார்.

நான் உறுதியை வாசித்தேன். ஈடு என்னும் சொல் அதில் எங்கும் இல்லை. "தம்பி, இஃது ஈட்டு உறுதி அன்று; அறுதி உறுதி" என்றேன்.

"இல்லை ஐயா, காசைத் தந்தால் திருப்பி எழுதித் தாறன் எண்டு சொன்னவர்" என்றார் அவர்.

சொன்னார். எழுதவில்லை. அறுதி என்பது அறுத்துக் கொடுப்பது. முடிந்த முடிபாகிய விற்பனை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் இருந்தாலன்றி வலுப்பெறாது. 'திருப்பித் தருவேன்' என்னும் வாய்ச்சொல்லுக்கு அச்சட்டத்தின் முன் மதிப்பில்லை. மோசடியைத் தடுக்க எழுந்த சட்டத்தையே மோசடிக்குக் கேடயமாக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

ஈட்டு உறுதியாக இருந்தால் நடந்திருப்பது வேறு. கடன் தவறினாலும் காணி தானாகக் கடன்காரருக்கு உரியதாகாது. சாதாரண மனிதரொருவர் 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டப்படி வழக்குத் தொடுத்து, நீதிமன்றக் கட்டளையால் ஏலத்தில் விற்பித்து, தமக்குரியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உரியவருக்கு விடவேண்டும். அந்த எஞ்சிய பணத்தை விழுங்குதற்கே அறுதி எழுதுவிக்கப்படுகின்றது. வளவு 10 இலட்சம் பெறுமானால், கடன் கொடுத்தவர் தம் பணமே திரும்பி வரட்டும் என்று காத்திருப்பார். வளவு அதனினும் பன்மடங்கு பெறும்போது, பணம் வந்துவிடுமோ என்று அஞ்சுகின்றார். விலையேற்றத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் நஞ்சு இதுவே. நிலம் மலிவாயிருந்த காலத்திற் கடன்காரர் பணத்தை விரும்பினார். நிலம் விலையேறிய காலத்தில் மீளாமையை விரும்புகின்றார். நாம் மகிழ்ந்து பேசும் விலையே நம் அயல்வீட்டுக் கைம்பெண்ணின் கழுத்துக்குக் கயிறாகின்றது.

வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, உரியவர் காணியின் பயனுரிமையை விட்டுக்கொடுக்கக் கருதவில்லை என்பதைச் சூழ்நிலைகளால் நாட்டலாம். கைமாறிய பின்னரும் அவரே குடியிருந்தாரா? கொடுக்கப்பட்ட பணம் சந்தை விலைக்கு மிகக் குறைந்ததா? மாதந்தோறும் வட்டி கொடுபட்டதா? இவற்றை நீதிமன்றம் நோக்கும். நல்லூழாக, அத்தாயார் கொடுத்த ஒவ்வொரு தொகையையும் திகதியுடன் ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருந்தார். அதனை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் சென்றனர். வழக்கு நடக்கின்றது. சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தாயார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தும்புத்தடியைச் சாத்தி வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஐயா, அப்ப நான் இப்ப ஆற்றை வீட்டிலை இருக்கிறன்?"

முப்பது ஆண்டாக உறுதிக்குப் பொருள் சொல்லிவரும் எனக்கு, அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

உறுதியும் உறுதியின்மையும்

இத்தகைய துயர் நம் மண்ணில் வேரூன்றுதற்கு வேறொரு காரணமும் உண்டு. இடப்பெயர்வு அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பலர் உணவை மறந்தனர்; உறுதிக் கட்டை மறக்கவில்லை. சீலையிற் சுற்றி மார்போடு அணைத்துச் சென்றனர். உறுதி இருந்தும் வீடற்றவராய்ப் பல்லாண்டு கழித்தோர் சிலர். வீடு இருந்தும் உறுதி எரிந்துபோனோர் சிலர். பிறர் குடியேறிப் பத்து ஆண்டு கடந்ததால் ஆட்சியுரிமை கோரப்பட்டு வருந்தியோர் சிலர். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் ஆயுதச் சூழலால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக, அக்காலத்தைக் கணக்கிடலாகாது என வகுத்தது. அச்சட்டத்தின்படி வழக்கிடுதற்குக் கால எல்லை இருந்ததென்பதைப் பலர் அறியாமலே இருந்துவிட்டனர்.

உறுதியை உயிரெனக் காத்தவர்கள் நாம். ஆயினும் அதனைப் படிக்கக் கற்றோமில்லை. பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது காப்பு அன்று. பொருள் அறிவதே காப்பு. பாடசாலைகளிற் பழம்பாடல்களுக்குப் பதவுரை எழுதப் பயிற்றுகின்றோம். அஃது இன்றியமையாததே. அதனோடு ஓர் ஈட்டு உறுதிக்கும் ஓர் அறுதி உறுதிக்கும் பதவுரை எழுதப் பயிற்றினால் தமிழுக்கு இழுக்கு வந்துவிடாது. என் வகுப்பில் ஆண்டுக்கொரு நாள் அவ்வாறு செய்து வருகின்றேன். பண்டிதர் பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை. ஆயினும் மாணவர் மிக ஊக்கத்தோடு கேட்கும் பாடம் அதுவே.

வாசகர்க்குச் சில சொல்லி முடிக்கின்றேன். கடன் பெறப் போகும்போது, உறுதியின் தலைப்பை முதலிற் பாருங்கள். 'ஈடு' என்று இருக்கின்றதா, 'அறுதி' என்று இருக்கின்றதா எனக் காணுங்கள். காணிப் பதிவகத்திற் பதிவைப் பாருங்கள். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தராவிடின் அத்தாயைப் போலக் கொப்பியிற் குறித்து வையுங்கள். வங்கியில், வட்டி எவ்வளவு என்று மாத்திரம் கேளாமல், பத்து ஆண்டின் முடிவில் முதல் எவ்வளவு நிற்கும் என்றும், வட்டி ஏறினால் தவணை எவ்வளவாகும் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டா. கையொப்பமிட்ட பின்னர் அழுவதற்கே வெட்கப்படல் வேண்டும்.

இவை அறிவு பற்றியன. மனப்பாங்கு பற்றியது ஒன்று உண்டு. வளவின் விலையைக் குடும்பத்தின் பெருமையாகப் பேசும் வழக்கத்தைச் சிறிது குறைப்போம். சீதனத்தில் வீட்டின் விலையைக் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், வீட்டின் கடனையும் கேளுங்கள் என்று சொல்லும் துணிவு வேண்டும். அண்ணன் தோளிற் கடனை ஏற்றித் தங்கைக்குக் கட்டும் மாடி, வீடு அன்று. அஃது அவனுக்குச் சிறை. விலை எவ்வளவு என்பதைக் காட்டிலும், இஃது எவ்வாறு மீளும் என்பதே அறிவுடையோர் வினாவாதல் வேண்டும். மீட்சியைக் காட்டாத உறுதி, பெயரளவில் உறுதி. மீட்சியைக் காட்டும் உறுதியே ஒருவனை வீட்டிற் சேர்க்கும். அந்த வீடே பெயருக்கேற்ற வீடாகும்.